சூடு ஆறாத கோழி

கை கழுவ அவளிடம் மூன்று சோப்பு இருந்தது. முதலாவது கம்பெனி கொடுப்பது. மருந்து வாடையடிக்கும் பச்சைத் திரவம். இரண்டாவது துணி துவைக்கும் கட்டி. மூன்றாவது அவளே வீட்டிலிருந்து கொண்டுபோய் வைத்திருந்த எலுமிச்சை சோப்பு. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, நகக்கண்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, முழங்கைவரை கழுவிய பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவாள். அப்படியும் பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கும்போது கை மூக்கருகே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"உன் மேல ஒரு வாடையும் இல்ல," என்பான் அவள் கணவன். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பிள்ளைகள் வாந்தி எடுத்து வைக்கும் இருக்கைகளைத் தினமும் கழுவுகிறவன் என்பதால் இந்த விஷயத்தில் பேசும் உரிமை அவனுக்கு இருந்தது. "எல்லாம் உன் மூக்குக்குள்ளதான் இருக்கு. ராத்திரி மூக்கக் கழட்டி ஊற வெச்சுட்டுப் படு."

அவள் அக்கா மட்டும் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். "என் தங்கச்சி ஏரோப்ளேன் கம்பெனில இருக்கா. இஞ்சின் பிரிவு," என்று தெருவில் இருப்பவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அது பொய்யும் இல்லை. இஞ்சினுக்கு மிக அருகில்தான் அவள் வேலை. எவ்வளவு அருகில் என்றால், இஞ்சினின் பிளேடுகளுக்கு நடுவில் கையை விட்டுக் குடலையும் இறகையும் வழித்து எடுக்கும் அளவுக்கு.

அந்த நிறுவனத்தின் வளாகத்துக்குள் தனியாக ஒரு பேருந்து ஓடும். கண்ணாடிக் கட்டடங்கள், புல்வெளி, விமான வடிவில் வெட்டிவிட்ட செடிகள் எல்லாம் முதல் நிறுத்தங்களில் முடிந்துவிடும். கழுத்தில் அட்டை தொங்கவிட்டவர்கள் அங்கேயே இறங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு வண்டி காலியாகி, கிடங்குகளைத் தாண்டி, கழிவுநீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, மதில் ஓரத்தில் ஒரு தகரக் கூரைக் கட்டடத்தின் முன் நிற்கும். கடைசியில் இறங்குகிறவள் எப்போதும் அவள்தான்.

பறவை மோதும் கூடம் என்று அதற்குப் பெயர். வானத்தில் போகும் விமானத்தின் இஞ்சினுக்குள் சில சமயம் பறவை புகுந்துவிடும். புகுந்தாலும் இஞ்சின் சிதறக் கூடாது. அதைத் தரையிலேயே பார்த்துக்கொள்வதற்கு, நிஜ இஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டு, நீளமான குழாய் ஒன்றிலிருந்து காற்றழுத்தத்தால் செத்த கோழியைச் சுடுவார்கள். கண் இமைக்கும் முன் முடிந்துவிடும். பொறியாளர்கள் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். பிறகு திரையில் அதையே மெதுவாக ஓட்டி, இன்னும் மெதுவாக ஓட்டி, காபி குடித்துக்கொண்டே பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அவள் ரப்பர் பூட்ஸும் முகமூடியும் மாட்டிக்கொண்டு உள்ளே போய், சுவரில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிக்கொண்டிருப்பாள்.

அங்கே யாரும் கோழி என்று சொல்வதில்லை. 'சோதனைப் பொருள்' என்பார்கள். பொருள் வந்துவிட்டதா, பொருளின் எடை சரியா, பொருள் எந்த இடத்தில் பட்டது. தொடுகிறவள் அவள் ஒருத்திதான் என்பதால் அவளை மட்டும் 'கோழியக்கா' என்றார்கள். அப்படிக் கூப்பிடுவதில் யாருக்கும் தயக்கம் இருந்ததில்லை. உணவுக்கூடத்தில் அவள் தட்டோடு வந்து உட்கார்ந்தால் மேசையில் இருப்பவர்கள் பேச்சை முடித்துக்கொண்டு மெல்ல எழுந்துவிடுவார்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். படித்தவர்கள், அதெல்லாம் நாசூக்காக நடக்கும்.

விதி ஒன்று உண்டு. சுடப்படும் கோழி அன்றைக்குச் செத்ததாக இருக்க வேண்டும். இறகு, கால், அலகு எல்லாம் முழுசாக. வானத்தில் வந்து மோதுகிற பறவை உடம்பு கெட்டுப்போய் வருவதில்லை அல்லவா, அதனால். சோதனை நாள் காலையில் பண்ணைக்காரர் கூடையில் உயிருள்ள கோழியோடு வருவார். ஒரு தகரப் பெட்டிக்குள் அதை வைத்து மூடி, வாயுக் குழாயைத் திறப்பார். சத்தமே வராது. சற்று நேரம் கழித்து அதை எடுத்து அவள் கையில் கொடுப்பார்.

அவளுக்குக் குமட்டலே அங்கேதான். சிதறியதை அள்ளுவதுகூடப் பழகிவிட்டது. ஆனால் கையுறையைத் தாண்டி உள்ளங்கைக்கு வரும் அந்தச் சூடு பழகவில்லை. யாரோ உட்கார்ந்து எழுந்துபோன நாற்காலியின் சூடு மாதிரி இருக்கும். எடை போட்டு, மெல்லிய துணிப் பையில் நுழைத்து, குழாய்க்குள் போகும் அட்டை டப்பாவில் அடைத்துக் கொடுப்பதுதான் வேலை. அடைப்பதற்கு முன் தொங்கும் தலையைச் சிறகுக்கு அடியில் மடித்து வைப்பாள். டப்பாவில் அடங்க அதுவே வசதி என்று சொல்லிக்கொள்வாள்.

"தாலாட்டு பாடிட்டியா, இல்ல இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கா?" என்பார் பீரங்கி அண்ணன். அந்தக் காற்றுக் குழாயை இயக்குகிறவர் அவர். பெரிய மீசை, கனத்த கை. பொழுதெல்லாம் பாக்குப் போட்டவர் மாதிரி எதையாவது மென்றுகொண்டே இருப்பார், வாயில் ஒன்றும் இருக்காது.

"பாடிட்டேன். நீங்க தூக்கத்தக் கலைக்காம சுடுங்க."

கூடத்தின் மேலாளருக்கு அவர்கள் இருவரும் வைத்த பெயர் சென்ட்டு சார். அந்த இடத்துக்கு வருவதென்றால் கழுத்திலும் கைக்குட்டையிலும் வாசனைத் திரவியத்தை ஊற்றிக்கொண்டு வருவார். அவர் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடும். அவர் போன பின்னும் போகாது. இரத்த வாடையோடு அது கலந்து எழும்பும்போது அவளுக்குத் தனி இரத்த வாடையே தேவலை என்று தோன்றும்.

அந்தக் கூடத்தில் நடந்த பெரிய கூத்து ஒன்று உண்டு. முன்பொரு முறை மின்சாரம் போய், ஃப்ரீசரில் இருந்த பழைய கோழி உருகி மறுபடி உறைந்துவிட்டது. குழாயைச் சரிபார்க்க ஒரு வெறும் சோதனை போட வேண்டியிருந்தது. அதற்கு எதுவாக இருந்தால் என்ன என்று அதையே மறுபடி உருகவிட்டுச் சுட்டார்கள். கோழி குழாய்க்குள்ளேயே கரைந்து கஞ்சியாக வெளியே வந்தது. கூரையில், விளக்கில், கேமராவின் மேல், கண்ணாடியில் எங்கும் அதே. அதைக் கழுவி முடிப்பதற்குள் அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கூரை மூலையிலிருந்து அவள் தலையில் சொட்டியதைப் பார்த்து இருவர் சிரித்தார்கள். ஆனால் இஞ்சினின் ஒரு பிளேடிலும் கீறல் இல்லை. கெட்டியாக வந்து மோதினால்தானே அடி விழும்.

"எல்லாப் பொருளும் இப்படியே வந்தா நமக்கு வேலை எவ்வளவு சுலபம்," என்றார் அன்றைக்குச் சென்ட்டு சார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் முகமூடிக்குள் சிரித்து வைத்தாள். 'கஞ்சிச் சோதனை' என்று அது பெயர் பெற்றுவிட்டது.

பிறகு புது இஞ்சின் வந்தது. அதன் பிளேடுகள் எடை குறைந்தவை, புது மாதிரி, இதுவரை யாரும் செய்யாதவை என்று வளாகம் முழுக்கப் படம் ஒட்டினார்கள். உணவுக்கூடத்தில் கைதுடைக்கும் காகிதத்தில்கூட அந்த இஞ்சின் படம். முதல் சோதனையில் கோழி பட்டதும் ஒரு பிளேடின் நுனி கிழிந்து, பக்கத்துப் பிளேடையும் இழுத்துக்கொண்டு போனது. இஞ்சின் இரும்புப் பீப்பாயை உருட்டிவிட்டது போல் அலறி நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் யாரும் காபியைத் தொடவில்லை. அவள் உள்ளே போனபோது கிழிந்த விளிம்பில் ஒரு இறகு ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது.

பிளேடுகளை மாற்றினார்கள். வடிவத்தைத் திருத்தினார்களா என்று பீரங்கி அண்ணனைக் கேட்டாள்.

"திருத்தவா? அதே அச்சுல வார்த்தது, அதே பிளேடு. போன தடவ ஏதோ அசம்பாவிதம்னு முடிவு பண்ணிட்டாங்க," என்றார். "வாங்கப் போறவங்க வந்து முன்னாடி உக்காந்து பாக்கப் போறாங்களாம். பெரியவரும் வர்றாராம். கண்ணாடி ரூமுக்குப் புது நாற்காலி வந்திருக்கு பாத்தியா? இஞ்சினுக்கு ஒண்ணும் வரல, நாற்காலி வந்திருக்கு."

பெரியவர் என்பது நிறுவனத்தின் தலைமை ஆள். அவளோ அண்ணனோ அவரைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தார்கள்.

சோதனைக்கு முந்தின நாள் மதியம் சென்ட்டு சார் அவளைத் தேடிக் கழுவும் அறைக்கே வந்தார். அதற்குமுன் அவர் அங்கே காலடி வைத்ததில்லை. ஈரத் தரையில் ஷூ படாமல் வாசலிலேயே நின்று, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"என்னம்மா, நல்லா இருக்கியா? உங்க அக்கா பொண்ணுக்கு வேலை கேட்டிருந்தியே, நான் மறக்கல."

அவள் கேட்கவில்லை. அக்காதான் ஒரு நாள் கம்பெனி வாசலில் காத்து நின்று இவரை மடக்கிக் கேட்டிருந்தாள்.

"சரிங்க சார்."

"அப்புறம், ஃப்ரீசர்ல பழசு ஒண்ணு இருக்குமே. போன மாசம் மழையில சோதனை நின்னுபோச்சே, அதுக்கு வந்தது."

"அது ரெண்டு தடவ உருகி உறைஞ்சிடுச்சு சார். தூக்கிப் போடறதுக்குத் தனியா வெச்சிருக்கேன்."

"தூக்கிப் போடாத. இப்பவே எடுத்து வெளிய வெச்சிடு. நாளைக்கு அதையே எடுத்துக்கலாம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "அது தாங்காது சார். குழாய்க்குள்ளயே கஞ்சியாயிடும்."

"எடை சரியா இருக்குல்ல?"

"எடை இருக்கும்."

"அப்புறம் என்ன. முதல்ல பாக்கிறது எடைதானே. கேமராவ நான் பிளேடு பக்கம் திருப்பிடறேன், குழாய் வாயெல்லாம் யார் பாக்கப் போறா." கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து அவர் சிரித்தார், சத்தம் மட்டும் வந்தது. "பண்ணைக்காரர் வழக்கம்போல வரட்டும். வரவேண்டாம்னு சொன்னா ஏன் எதுக்குன்னு கேப்பாரு. கூடையோட திருப்பி அனுப்பிடு. ஒரு உயிர் மிச்சம்னு நெனச்சுக்கோ. உனக்குத்தான் சூட்டோட தொடறது புடிக்காதாமே. எல்லாம் எனக்குத் தெரியும்மா. நாளைக்கு உனக்கு அந்தக் கஷ்டம் இல்ல."

அவர் போய்விட்டார். வாசனை அங்கேயே நின்றது.

அன்று சாயங்காலம் அக்கா கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். மகளையும் கூட்டி வந்திருந்தாள். அந்தப் பெண் கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். எல்லாவற்றுக்கும் ம் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைப் பார்க்கிறவள்.

"உங்க சார் எனக்கே போன் பண்ணாருடி. 'தங்கச்சி நல்ல ஒத்துழைப்பு, நாளைக்கு முடிஞ்சதும் உங்க பொண்ணு விஷயம் பேசிடலாம்'னாரு. என்ன மரியாத, என்ன பேச்சு. நீ என்னமோ அவரச் சென்ட்டு கிண்ட்டுங்கற."

"நாளைக்கு முடிஞ்சதும்னா சொன்னாரு?"

"ஆமா. ஏன், மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? நீ ஒண்ணும் கெடுத்துடாதடி. உன் வீட்டுல கோழிப் படம் போட்ட காலண்டரக்கூட மாட்ட விடமாட்டேங்கற, நாங்க எல்லாம் அனுசரிச்சுத்தானே போறோம். நீயும் கொஞ்சம் அனுசரி."

அக்கா போனபின் கணவனிடம் சொன்னாள். அவன் கேக்கை வாயில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"செத்தத சுட்டா என்ன, அழுகினத சுட்டா என்ன. கோழி வந்து புகார் குடுக்கவா போகுது?"

"கோழி குடுக்காது."

"உனக்குக் கழுவற வேலை கூடும், அவ்வளவுதானே." கொஞ்ச நேரம் மென்றான். "அந்த இஞ்சின எதுல மாட்டுவாங்க?"

"பெரிய ப்ளேன்ல."

"எத்தன பேர் போவாங்க அதுல?"

"முந்நூறு பேர் இருக்கும்."

தினமும் தலை எண்ணிப் பிள்ளைகளை வேனில் ஏற்றி, தலை எண்ணி இறக்கிவிடுகிறவன் அவன். மீதிக் கேக்கை மூடி வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் திட்டியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

மறுநாள் கூடமே வேறு மாதிரி இருந்தது. வாசலில் பூந்தொட்டிகள் வைத்திருந்தார்கள். கண்ணாடி அறையில் வெள்ளைத் துணி விரித்த மேசை, அதில் பிஸ்கட், வெட்டிய பழங்கள். சென்ட்டு சார் கைக்குட்டை இல்லாமலே அங்குமிங்கும் நடந்தார். அன்றைக்கு மட்டும் அவருக்கு நாற்றமே தெரியவில்லை போலிருந்தது.

அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். முந்தின நாளே வெளியே எடுத்துவைத்த கோழி தட்டில் கிடந்தது. தட்டு நிறைய பழுப்புத் தண்ணீர். தோல் நீலம் பாரித்து, இறகுகள் ஈரத்தில் ஒட்டிப்போய், வயிறு மட்டும் உப்பியிருந்தது. முகமூடியைத் தாண்டி நாற்றம் நாக்கில் இனிப்பாகப் படிந்தது. காலைப் பிடித்துத் தூக்கினாள். கால் தனியாகக் கையோடு வந்தது. உடம்பு சொத்தென்று தட்டில் விழுந்து, தண்ணீர் அவள் கன்னத்தில் தெறித்தது.

தராசில் வைத்தாள். எடை சரியாகத்தான் இருந்தது. காலையும் சேர்த்து.

மேசைக்குக் கீழே கூடையில் உயிருள்ள கோழி உட்கார்ந்திருந்தது. பழுப்பும் வெள்ளையுமாக, கொண்டை ஒரு பக்கம் சாய்ந்து. அதற்கு அங்கே நடப்பது எதுவும் பிடிக்கவில்லை என்பது போல் ஒற்றைக் கண்ணால் பார்த்தது. பண்ணைக்காரர் கதவைத் திறந்துகொண்டு தகரப் பெட்டியோடு வாசலில் நின்றார்.

"இன்னைக்கு வேண்டாம்னு சார் இப்பத்தான் வாசல்ல வெச்சு சொன்னாரு. நான் கெளம்பவா?"

எத்தனை வருடமாக இதைத்தானே வேண்டினாள்: கையில் சூடு படாத ஒரு நாள். இதோ குளிர்ந்தது இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு பையில் போட்டுக் கொடுத்தால் போதும். சூடானது கூடையோடு வீட்டுக்குப் போய்விடும். அக்காவுக்குச் சந்தோஷம். அக்கா மகளுக்கு வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைதட்டல்.

உனக்குத்தான் சூட்டோட தொடறது புடிக்காதாமே.

அந்த வார்த்தை நேற்றிலிருந்து பல்லிடுக்கில் சிக்கிய நார் போல உறுத்திக்கொண்டிருந்தது. அவள் கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். இவர்கள் கோழியை எடுத்துக்கொண்டார்கள், எடையை எடுத்துக்கொண்டார்கள், கேமராவைத் திருப்பிக்கொண்டார்கள். போதாதென்று, அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த குமட்டலைக்கூட எங்கோ கேட்டுத் தெரிந்து, பத்திரப்படுத்தி, தேவைப்படும்போது எடுத்து நீட்டுகிறார்கள். தட்டில் கிடந்ததைவிட அது நாறியது.

"போடுங்கண்ணே," என்றாள்.

"சார் வேண்டாம்னு..."

"போடுங்க."

பண்ணைக்காரர் அவளையும் தட்டையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு குனிந்து கூடையைத் திறந்தார். கோழி ஒரு தடவை சிறகடித்தது. பெட்டி மூடியது.

கையில் வாங்கியபோது வழக்கத்தைவிடச் சூடாக இருப்பதாகப் பட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது, விழுங்கினாள். தலையைச் சிறகுக்கு அடியில் மடித்தாள். டப்பாவை மூடினாள். எடுத்துக்கொண்டு போய்ப் பீரங்கி அண்ணனிடம் நீட்டினாள்.

அவர் டப்பாவை வாங்கியதும் மெல்லுவதை நிறுத்தினார். டப்பாவின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"சூடா இருக்கே."

"ஆமாண்ணே."

"ஆறினதுன்னுல்ல சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

அவர் கண்ணாடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். உள்ளே பெரியவர் உட்கார்ந்து பழத்துண்டைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தார். "எனக்கு வயசாயிடுச்சு," என்றார் அண்ணன். "இந்தக் கைக்குச் சூடு குளிரெல்லாம் ஒண்ணும் தெரியறதில்ல." குழாயைத் திறந்து டப்பாவை உள்ளே தள்ளி மூடினார்.

இஞ்சின் சுழலத் தொடங்கியது. தரை அதிர்ந்தது. அவள் சிறிய பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஒரு வெடிப்பு, வெள்ளையாகப் பஞ்சு பறந்தது போல் இருந்தது. அடுத்த நொடி அந்த இரும்பு அலறல். பிளேடு ஒன்று கிழிந்து, உறைக்குள் சுற்றிச் சுற்றி அடித்து, எல்லாம் நின்றுபோனது. புகை. ஒரே ஒரு இறகு மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

சென்ட்டு சார் திரும்பி அவளைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அவளுக்கு வேலை போய்விட்டது, அக்கா மகளுக்கு வேலை வராமலே போய்விட்டது என்று நினைத்தாள். அவள் பார்வையை எடுக்கவில்லை.

வாங்க வந்தவர்களில் வயதான அம்மா ஒருத்தி இருந்தாள். நரைத்த தலை, தடித்த மூக்குக்கண்ணாடி. அவள்தான் முதலில் வாய் திறந்தாள். ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்டது.

"எத்தனையோ கம்பெனிக்குப் போயிருக்கேன். உடையாததத்தான் காட்டுவாங்க. எங்க கண்ணு முன்னாடியே உடைச்சுக் காட்டினவங்க நீங்கதான். இந்த நேர்மைய நம்பி நான் ஆள் ஏத்தலாம். திருத்திட்டுக் கூப்பிடுங்க, காத்திருக்கோம்."

பெரியவரின் முகம் கறுத்துப்போய் இருந்தது, மெல்லத் தெளிந்தது. அவர் சென்ட்டு சாரின் தோளில் கையைப் போட்டார். "எங்க ஆள் அப்படி. எதையும் மறைக்கத் தெரியாது."

சென்ட்டு சார் ஒரே ஒரு நொடிதான் முழித்தார். ஒரு முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொள்ள அவருக்கு அவ்வளவு நேரமே போதும். "நம்ம கூடத்துல சமரசம்ங்கற பேச்சுக்கே இடமில்ல சார்," என்றார். குரல்கூடத் தழுதழுத்தது. பின்னால் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். எல்லோரும் தட்டினார்கள்.

அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். பிளேடுகள் இன்னும் சூடாக இருந்தன. கைதட்டல் கண்ணாடியைத் தாண்டி, ஈரத் துணி அடிக்கும் சத்தம் போல் கேட்டது. அந்தக் கோழியின் கொண்டை சாய்ந்திருந்த பக்கத்தை நினைவுபடுத்திப் பார்த்தாள், வலதா இடதா என்று. ஞாபகம் வரவில்லை. அழுகிய கோழியையும் அவளேதான் மதிலோரத்தில் குழி தோண்டிப் புதைத்தாள். அதைத் தொட வேறு யார் இருக்கிறார்கள்.

அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. மாறாக, அக்கா மகளுக்கு அலுவலகத்தில் வேலை வந்தது. அக்கா மறுபடியும் கேக்கோடு வந்து, "பாத்தியா, மனுஷன் சொன்ன சொல் தவறல," என்றாள். வாயை மூடி வைக்கக் கொடுத்த வேலை அது என்று அக்காவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தப் பெண் நாளைக்கு எந்த முகத்தோடு அங்கே போவாள்? அவள் கேக்கைத் தின்றாள். அந்தப் பெண் கழுத்து அட்டையைத் தடவிக்கொண்டே, "சித்தி, உங்க பொருள் எல்லாம் எங்க பிரிவு வழியாத்தான் ஆர்டர் போகுது," என்றாள்.

"என்ன பொருள்?"

"சோதனைப் பொருள்."

கணவன் அவளைப் பார்த்தான். அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

பிளேடுகளை நிஜமாகவே திருத்தினார்கள். அது ஒன்றுதான் நடந்த நல்லது. ஆனால் அதற்கு முன்பே சுவர்களில் புதுப் படம் வந்துவிட்டது: உடைந்த பிளேடு, பக்கத்தில் கைகட்டி நிற்கும் சென்ட்டு சார், கீழே 'உண்மையை முதலில் பார்ப்பவர்கள் நாங்கள்'. கழிப்பறைக் கதவின் உட்பக்கத்திலும் ஒன்று ஒட்டியிருந்தார்கள். உட்கார்ந்தால் நேரே அவர் முகம்.

"இனி மலச்சிக்கல்தான்," என்றார் பீரங்கி அண்ணன்.

பாராட்டு விழா நடந்தது. கூடத்து ஆட்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். பின்வரிசையில் அவளும் அண்ணனும் உட்கார்ந்தார்கள். சென்ட்டு சார் மேடையில் நின்று, அன்றைக்குத் தன் மனசாட்சி சொன்னது என்ன என்பதை விவரமாகப் பேசினார். இரவெல்லாம் தூங்கவில்லையாம். சுலபமான வழி ஒன்று கண்ணெதிரே இருந்ததாம், அதை உதறினாராம். "சுலபமான வழி எதுன்னு சொல்லலையே," என்று அண்ணன் முணுமுணுத்தார். "கால் தனியா கழண்ட வழி," என்றாள் அவள். அண்ணன் இருமுவது போல் சிரித்தார்.

இறங்கி வந்து வரிசையாக எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டே வந்தவர் அவள் முன் நின்றார். புகைப்படக்காரன் கூடவே இருந்தான். கூடத்துக்கு வந்த இத்தனை வருடத்தில் அவர் அவளுக்குக் கைகொடுத்ததில்லை. அவள் கையிலிருந்து பேனாவைக்கூட வாங்கியதில்லை, மேசையில் வைக்கச் சொல்வார். இப்போது கையை நீட்டினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கொடுத்தாள்.

அந்தக் கை குளிர்ந்து, ஈரமாக, உள்ளே எலும்பே இல்லாதது போல இருந்தது. இரண்டு கையாலும் அவள் கையைப் பொத்தினார். "நம்ம கூடத்தோட முதுகெலும்பே இவங்கதான்," என்று புகைப்படக்காரனிடம் சொன்னார். பிறகு குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "பொண்ணு நல்லா வேலை செய்யறா," என்றார். விளக்கு பளிச்சிட்டது.

அவள் விழாவில் கொடுத்த சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. காலிப் பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, கழுவும் அறைக்குப் போனாள். பச்சைத் திரவத்தைப் போட்டுத் தேய்த்தாள். முகர்ந்தாள். சென்ட்டு வாசனை. கட்டி சோப்பைப் போட்டு, பல்துலக்கியால் நகக்கண்ணைக் குடைந்து, தோல் சிவக்கத் தேய்த்தாள். முகர்ந்தாள். அதே வாசனை, இப்போது சோப்போடு சேர்ந்து.

கருவிகளைப் பூட்ட வந்த பீரங்கி அண்ணன் வாசலில் நின்று பார்த்தார்.

"இன்னைக்குக் கோழியே வரலையே. எதுக்கு இந்தத் தேய் தேய்க்கிற?"

அவள் எலுமிச்சை சோப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள்.